வெள்ளி தோண்டிய மலை, வெள்ளி வந்து சேர்ந்த துறைமுகம்

நேயர்களுக்கு வணக்கம்.

ஸ்பெயினுக்குப் போகிறேன் என்று ஒருவர் சொன்னால் பார்சிலோனா, மாட்ரிட், கிரானடா என்றுதான் பேச்சு ஓடும். கார்த்தஹேனா என்ற பெயர் அதில் வராது. வந்தாலும் கொலம்பியாவில் இருக்கும் ஊர்தான் பலருக்கு நினைவில் இருக்கும். அந்த ஊருக்கே இந்த ஊரின் பெயரைத்தான் வைத்தார்கள். ஸ்பெயினின் தென்கிழக்கு மூலையில், முர்சியாவிலிருந்து பேருந்தில் ஒரு மணி நேரத்துக்குள் போய்விடக்கூடிய இந்தத் துறைமுக ஊரில் ஒரு சனி, ஞாயிறைக் கழித்தேன். அதைப் பற்றித்தான் இன்று பேசப் போகிறேன்.

போனதும் துறைமுகத்துக்கு நடந்து போங்கள். இருபுறமும் குன்று, குன்றின் மேல் கோட்டை, நடுவில் ஆழமான, அலையில்லாத நீர். வட ஆப்பிரிக்க நகரமான கார்த்தேஜிலிருந்து வந்த படைத்தலைவன் ஹஸ்துருபால் கி.மு. 227 வாக்கில் இங்கே ஏன் ஊர் அமைத்தான் என்பது பார்த்த உடனே விளங்கிவிடும். விளங்காத பாதி காரணம் கிழக்கே இருக்கும் மலையில் இருக்கிறது. அங்கே வெள்ளி கிடைத்தது. ரோமாபுரியோடு போரிட்ட கார்த்தேஜியத் தளபதி ஹன்னிபாலுக்கு இந்த ஊர்தான் ஸ்பெயினில் தலைமைத் தளம். கி.மு. 209இல் ரோமத் தளபதி ஸ்கிப்பியோ இதைப் பிடித்துக்கொண்டதும் வெள்ளி கைமாறியது. இந்தச் சுரங்கங்களில் 40,000 பேர் வேலை செய்தார்கள், ரோமாபுரிக்கு நாளொன்றுக்கு 25,000 திராக்மா (கிரேக்க வெள்ளி நாணயம்) வருமானம் வந்தது என்று கிரேக்க வரலாற்றாசிரியர் பொலிபியஸ் எழுதியதாகப் பண்டைய புவியியலாளர் ஸ்திராபோ குறிப்பிடுகிறார். அந்தச் சுரங்கத் தொழிலாளர்களில் பெரும்பாலோர் அடிமைகளாகவே இருந்திருப்பார்கள் என்று அறிஞர்கள் கருதுகிறார்கள். அவர்களில் ஒருவருடைய பெயராவது நமக்குத் தெரிகிறதா என்று எண்ணியபடியேதான் இந்த ஊரைச் சுற்றினேன்.

அந்தச் செல்வம் எப்படியிருந்தது என்பதற்குச் சாட்சி ரோமானிய நாடக அரங்கம். நகராட்சி மாளிகைக்கு எதிரே உள்ள பழைய மாளிகை ஒன்றில் நுழைகிறோம். கட்டடக் கலைஞர் ரஃபாயேல் மொனேயோ வடிவமைத்து 2008இல் திறந்த அருங்காட்சியகம் அது. காட்சிக்கூடங்களைக் கடந்து, இடிந்து நிற்கும் பழைய தேவாலயத்துக்கு அடியில் ஒரு நடைவழியில் போகிறோம். வெளிச்சம் தெரியும் பக்கம் திரும்பினால், ஆயிரக்கணக்கானோர் உட்காரக்கூடிய கல் படிக்கட்டுகள் முழுதாகக் கண்முன்னே விரிகின்றன. ரோமப் பேரரசர் அகஸ்டஸ் சீசரின் பேரப்பிள்ளைகளான கையுஸ், லூசியுஸ் இருவருக்கும் அர்ப்பணித்துக் கட்டிய அரங்கம். இளஞ்சிவப்புத் தூண்கள் உள்நாட்டுக் கல். தூண்தலைப்புகள் இத்தாலியின் கராராவிலிருந்து கப்பலில் வந்த வெள்ளைப் பளிங்கு.

இப்படியொன்று இருப்பதே 1988 வரை யாருக்கும் தெரியாது. பாழடைந்த அரங்கத்தின் மேல் கி.பி. 5ஆம் நூற்றாண்டில், அதன் கற்களையே எடுத்துச் சந்தை கட்டினார்கள். பிறகு வீடுகள். மேல்வரிசைப் படிகளின் மேல் தேவாலயம். நம் காலம் வரைக்கும் மீனவர்களும் ஏழைகளும் வாழ்ந்த குடியிருப்பு. புதிதாக ஒரு கட்டடம் எழுப்ப மண்ணைத் தோண்டியபோதுதான் அரங்கம் வெளிப்பட்டது. ரோமாபுரியின் கொலோசியத்தில் எனக்கு ஏற்படாத நெருக்கம் இங்கே ஏற்பட்டது. இத்தனை தலைமுறை மக்கள் இதன் மேல் அடுப்பு மூட்டிச் சமைத்திருக்கிறார்களே!

மாலையில் துறைமுக ஓரத்திலிருக்கும் கடலடித் தொல்லியல் அருங்காட்சியகத்துக்குப் போனேன். அங்கேயும் வெள்ளிதான். 1804 அக்டோபரில் தென்னமெரிக்காவிலிருந்து நாணயங்களோடு திரும்பிக்கொண்டிருந்த 'மெர்செதெஸ்' என்ற ஸ்பானியப் போர்க்கப்பல், போர்ச்சுகலுக்குத் தெற்கே ஆங்கிலேயர்களோடு நடந்த சண்டையில் வெடித்து மூழ்கியது. இருநூறுக்கும் மேற்பட்டோர் இறந்தார்கள். 2007இல் ஓர் அமெரிக்கப் புதையல் தேடும் நிறுவனம் அந்த நாணயங்களை அள்ளிக்கொண்டு போனது. ஸ்பெயின் அமெரிக்க நீதிமன்றத்தில் வழக்காடி வென்று, 2012இல் திரும்பப் பெற்றது. ஐந்தரை லட்சத்துக்கும் மேற்பட்ட நாணயங்கள், பெரும்பாலும் வெள்ளி. ஒன்றோடொன்று ஒட்டிக் கட்டியாகிப்போன நாணயங்களைக் கண்ணாடிக்குப் பின்னால் வைத்திருக்கிறார்கள். ஆண்டீஸ் மலையில் யாரோ தோண்டிய வெள்ளி, முன்பு வெள்ளி தோண்டிய ஊரில் வந்து தங்கியிருக்கிறது.

சாப்பாட்டைச் சொல்லாமல் விட முடியாது. மார் மெனோர் உப்பேரி மீனவர்களின் சோறு 'கல்தேரோ'. மீன் வேகவைத்த சாற்றில், காய்ந்த உருண்டை மிளகாய் சேர்த்து அரிசியைக் குழைவாகச் சமைக்கிறார்கள். மீனைத் தனியாகப் பரிமாறுவார்கள். பூண்டுக் குழம்பைத் தொட்டுச் சாப்பிட வேண்டும். சாப்பிட்டபின் 'ஆசியாதிகோ' காபி: சுண்டக்காய்ச்சிய பால், பிராந்தி, இந்த ஊரிலேயே தயாராகும் ஒரு மதுபானம், மேலே இலவங்கப்பட்டைத் தூள். மது குடிக்காதவர்கள் சோற்றோடு நிறுத்திக்கொள்ளலாம், அதுவே நிறைவு.

ஞாயிற்றுக்கிழமை அந்த மலைக்கே போய்விட்டேன். லா யூனியோன் என்ற சுரங்க ஊர். 19ஆம் நூற்றாண்டில் அல்மேரியா பக்கத்திலிருந்து பிழைப்புத் தேடி வந்த குடும்பங்கள் ஈயமும் வெள்ளியும் எடுத்தன. அவர்கள் பாடிய பாட்டுக்கு இங்கே தனி மரபே உண்டு. அதற்காக 1961இல் தொடங்கிய விழா இப்போது ஆகஸ்டில் நடக்கிறது. பழைய சந்தைக் கட்டடத்தில் பாடகர்கள் போட்டியிடுகிறார்கள். பழைய சுரங்கம் ஒன்றுக்குள் இறங்கியும் பார்க்கலாம். உள்ளே குளிர்ச்சியாக இருக்கும், மேலே ஒரு சட்டை கொண்டுபோங்கள்.

மலைக்கு அந்தப் பக்கம் போர்த்மான். ரோமர்கள் பெருந்துறைமுகம் என்று அழைத்த விரிகுடா. 1957 முதல் 1990 வரை சுரங்கக் கழிவைக் கடலுக்குள் கொட்டினார்கள், 5 கோடி டன்னுக்கும் மேல். விரிகுடா தூர்ந்துபோய், படகுகள் நின்ற துறைக்கும் கடலுக்கும் நடுவில் இன்று கறுத்த மணல்வெளிதான் இருக்கிறது. அந்த மணலில் நின்றபோது எனக்குக் கோபம் வந்தது, இன்னும் அடங்கவில்லை.

நேயர்கள் போவதானால், அருங்காட்சியகங்கள் திங்கட்கிழமை மூடியிருக்கும், ஞாயிறு பிற்பகலிலும் நம்ப முடியாது; எனவே அரங்கத்தைச் சனிக்கிழமையே பார்த்துவிடுங்கள். நேரம் போதாவிட்டால் குன்றின் மேலுள்ள கோட்டையை விட்டுவிடலாம். போர்த்மானை மட்டும் விட்டுவிடாதீர்கள்.

நன்றி, வணக்கம்.