கூப்பிய கை இமோஜி: வணக்கமல்ல, கெஞ்சலே!

நடுவர் அவர்களே, எதிரணி நண்பர்களே, ராயபுரத்து மக்களே!

தமிழன் கை கூப்பினால் அது வணக்கம்தான் என்று எதிரணித் தலைவர் முழங்கிவிட்டுப் போனார். கைக்குச் சரி. இமோஜிக்கு?

என் அத்தை காசிமேட்டில் மீன் விற்கிறவர். போன ஞாயிற்றுக்கிழமை, கையெல்லாம் செதில். போனை என்னிடம் நீட்டி, "இன்னா போட்டிருக்கான் பாரு" என்றார். வஞ்சிரம் வாங்கியவர் 800 ரூபாய் பாக்கி. மூன்று வாரமாகக் கேட்டதற்கு வந்த பதில், இரண்டு கூப்பிய கை. அவ்வளவுதான்! எதிரணி சொல்கிறபடி வணக்கம் என்று வைத்துக்கொண்டால், பாக்கி கேட்டவருக்கு அவர் மரியாதையாக வணக்கம் சொல்லியிருக்கிறார். அத்தை ஒரே வரியில் தீர்ப்புச் சொன்னார்: "கும்புட்டா கடன் கழிஞ்சிடுமா? தவணை கேக்கறான்டா!"

அத்தைக்கு ஜப்பான் தெரியாது. ஆனால் இந்த இமோஜிகளெல்லாம் பிறந்த ஜப்பானில் இரண்டு கையையும் சேர்த்துப் பிடித்தால் பெரும்பாலும் 'தயவுசெய்து', 'மன்னித்துக்கொள்', 'நன்றி' என்றுதான் பொருள். 2010இல், உலகத்துக்கெல்லாம் பொதுவாக எழுத்துக்கும் இமோஜிக்கும் குறியீடு வகுக்கிற யூனிகோடு இதைச் சேர்த்தபோது வைத்த பெயரும் 'கை கூப்பிய ஆள்' என்பதுதான். வணக்கம் என்ற பேச்சே அதில் இல்லை. பெயரில் இருக்கிற அந்த ஆளையும் இப்போது படத்தில் காணோம், கை மட்டும் நிற்கிறது. இதை 'ஹை-ஃபைவ்', அதாவது இரண்டு பேர் குஷியில் உள்ளங்கை தட்டிக்கொள்வது என்பவர்களும் உண்டு. கடன் வாங்கிவிட்டு ஹை-ஃபைவ் அடிக்கிற தைரியம் அந்த வஞ்சிரக்காரருக்கு இல்லை!

இன்னொன்று. வணக்கம் பேச்சின் தொடக்கத்தில் வரும். உங்கள் தெரு வாட்ஸ்அப் குழுவைத் திறந்து பாருங்கள், இது எங்கே வருகிறது? தண்ணீர் லாரி ஏன் வரவில்லை என்று பத்துப் பேர் சண்டை போட்ட பிறகு, கடைசியில், 'ஆளை விடுங்க சாமி' என்று வருகிறது.

துக்கச் செய்திக்கும் போடுகிறார்களே என்பீர்கள். வார்த்தை கிடைக்காதவன், இதற்கு மேல் என்னால் முடியவில்லை என்று கெஞ்சுகிறான். கொஞ்சம் இழுவைதான், ஒப்புக்கொள்கிறேன்.

மணி அடித்துவிட்டீர்கள் நடுவரே. இன்னும் ஒரே நிமிடம் கேட்டு, இதோ கை கூப்பி நிற்கிறேன். வணக்கம் சொல்லி முடித்துவிட்டான் என்று நினைத்து உட்காரச் சொல்லிவிடாதீர்கள்!