ஈட்டி மரத்துக்கு வயது என்ன? முட்டில் வழக்கும் ஓர் அடிக்கட்டையின் சாட்சியும்

[திரையில்: தாமரசேரிச் சுரம் (மலைப்பாதை), மூடிய தார்ப்பாயோடு இறங்கும் லாரி]

2021 பிப்ரவரி 3. வயநாட்டின் முட்டில் பகுதியில் வெட்டிய ஈட்டி (ரோஸ்வுட்) மரத் துண்டுகள் லாரியில் ஏறுகின்றன. லக்கிடி செக்போஸ்டைத் தாண்டி, சுரம் இறங்கி, எர்ணாகுளம் மாவட்டம் பெரும்பாவூரில் ஒரு மர மில்லுக்குப் போய்ச் சேர்கின்றன. 8ஆம் தேதி வனத்துறை அங்கே போய்ப் பிடிக்கிறது. செக்போஸ்டில் சோதிக்காமல் விட்டதாக இரண்டு ஊழியர்கள் இடைநீக்கம் செய்யப்பட்டார்கள்.

சரக்கைப் பிடித்தாயிற்று. ஆனால் அது திருட்டு மரம்தான் என்று கோர்ட்டில் நிரூபிப்பது எப்படி? வெட்டியவர்கள் கையில் ஓர் அரசாணை இருந்ததே!

[திரையில்: 24.10.2020 – 02.02.2021]

கேரளத்தில் 1964ஆம் ஆண்டு நில ஒதுக்கீட்டு விதிகளின்படி அரசு கொடுத்த பட்டா நிலத்தில் எல்லா மரமும் பட்டாதாரருக்குச் சொந்தமில்லை. தேக்கு, ஈட்டி, சந்தனம், கருங்காலி அரசுக்கு ஒதுக்கியவை. 2020 அக்டோபர் 24இல் வருவாய்த் துறை ஓர் ஆணை போட்டது. பட்டா வாங்கிய பிறகு நட்ட மரத்தையும், தானாக முளைத்து வளர்ந்த மரத்தையும், சந்தனம் நீங்கலாக, நிலத்துக்காரரே வெட்டிக்கொள்ளலாம் என்றது. தடுக்கும் அதிகாரிமீது நடவடிக்கை வரும் என்று ஒரு வரியும் சேர்த்தது. அந்த வரிதான் வினை. பட்டாவுக்குப் பிறகு முளைத்ததா, முன்பே நின்றதா என்று பார்க்க வேண்டிய ஆள் வாய் திறக்கவே பயப்படுவார். ஆணையை 2021 பிப்ரவரி 2இல் திரும்பப் பெற்றார்கள். லாரி கிளம்பியது அதற்கு மறுநாள்.

ஆக, வழக்கு முழுக்க ஒரே கேள்வியில் நிற்கிறது: இந்த மரம் எப்போது முளைத்தது? 1964 விதியில் வாங்கிய பட்டாவில், பட்டாவுக்குப் பின் முளைத்த மரம் 2020இல் அறுபது வயதைத் தொட்டிருக்க முடியாது. பீச்சியில் உள்ள கேரள வன ஆராய்ச்சி நிறுவனத்தின் ஆய்வில், வெட்டப்பட்டவற்றில் மிக மூத்த மரத்துக்கு வந்த வயது 574. விஜயநகர காலத்து மரம்!

டிஎன்ஏ சோதனை வயதைச் சொன்னது என்று செய்திகளில் அடிபட்டது. டிஎன்ஏ வயதைச் சொல்லாது. மில்லில் கிடக்கும் துண்டும் தோட்டத்தில் நிற்கும் அடிக்கட்டையும் ஒரே மரமா என்பதை மட்டும் சொல்லும். வயதுக்கு அடிக்கட்டையின் வளையங்களைப் பார்க்க வேண்டும். இரண்டும் சேர்ந்தால்தான் வழக்கு: துண்டு இந்தக் கட்டையிலிருந்து வந்தது, இந்தக் கட்டை பட்டாவைவிட மூத்தது.

[திரையில்: அடிக்கட்டையின் குறுக்குவெட்டு, வெளிறும் வைரமும்]

இந்த மாதிரி எடுக்கும் வேலையில்தான் நிறைய வழக்குகள் கெட்டுப்போகின்றன. வைரம் பாய்ந்த நடுப்பகுதி செத்த திசு. அதில் டிஎன்ஏ சிதைந்திருக்கும். பட்டையை ஒட்டிய வெளிறிலிருந்து எடுக்க வேண்டும். மில்காரர்கள் முதலில் செதுக்கித் தள்ளுவது அந்த வெளிறைத்தான். அதனால் தாமதமாகிற ஒவ்வொரு நாளும் நஷ்டம். ஒரு கட்டைக்குப் பயன்படுத்திய உளியைத் துடைக்காமல் அடுத்த கட்டையில் வைத்தால் இரண்டு மாதிரியும் கலந்துவிடும். ஒவ்வொரு அடிக்கட்டைக்கும் எண், சர்வே எண், ஜிபிஎஸ் புள்ளி, அளவுகோல் வைத்த படம், மகஜரில் (பிடித்த இடத்தில் சாட்சிகளோடு எழுதும் அறிக்கையில்) அதே எண். மாதிரி உறையில் சீல். இதில் ஒரு எண் மாறினாலும் குறுக்கு விசாரணையில் வக்கீல் அங்கேயே பிடித்துக்கொள்வார்.

அளவிலும் ஒரு வலை இருக்கிறது. நம் பக்கத்து மர வியாபாரத்தில் கன அளவு போடுவது கால் சுற்றளவுக் கணக்கில்: நடுச் சுற்றளவை நாலால் வகுத்து, வர்க்கமாக்கி, நீளத்தால் பெருக்குவது. சுற்றளவு 160 சென்டிமீட்டர், நீளம் 3 மீட்டர் என்றால் 0.48 கன மீட்டர். அதே துண்டை உருளையாக வைத்துச் சரியான கணக்கில் போட்டால் 0.61. பாஸ் (மரத்தைக் கொண்டுபோக வனத்துறை தரும் அனுமதிச் சீட்டு) ஒரு கணக்கில், மகஜர் இன்னொரு கணக்கில் எழுதப்பட்டால், திருட்டே இல்லாமல் கால் பங்குக்கு மேல் வித்தியாசம் வரும். எதிர்த்தரப்பு அதை வைத்து மகஜரையே பொய் என்று காட்டும். எந்தக் கணக்கு, பட்டையோடா பட்டை நீக்கியா என்று மகஜரில் எழுதிவிட வேண்டும்.

பாஸ் மோசடி பெரும்பாலும் கள்ளக் கையெழுத்து இல்லை. அசல் பாஸின் தவறான உபயோகம். புறப்பட்ட நேரத்தைக் காலியாக விட்டு, ஒரே பாஸில் இரண்டு மூன்று டிரிப் அடிப்பது. பட்டா நிலத்தில் பத்து மரத்துக்கு அனுமதி வாங்கி, காட்டு மரத்தையும் அதில் கரைப்பது. வண்டி எண்ணை, செக்போஸ்ட் பதிவேட்டை, சுங்கச்சாவடி நேரத்தை, டிரைவரின் செல்போன் டவர் பதிவை ஒன்றோடொன்று வைத்துப் பார்த்தால் இரண்டாவது டிரிப் தெரிந்துவிடும். முட்டிலில் இன்னொன்றும் உண்டு. நிலத்துக்காரர்களில் ஆதிவாசிகளும் இருந்தார்கள்; அவர்கள் பெயரில் கொடுத்த சம்மதக் கடிதங்களில் போலிக் கையெழுத்து இருப்பதாகத் தடயவியல் ஆய்வு சொன்னது. அந்தப் போலிக் கையெழுத்துதான் அவர்களைக் குற்றவாளியாக்காமல் காப்பாற்றிய தடயம் என்பதையும் சொல்லவேண்டும்.

எந்தச் சட்டத்தில் வழக்குப் போடுவது? வனச் சட்டத்தின் தண்டனை லேசு. மரம் அரசுடைமை என்பதால் 1984ஆம் ஆண்டு பொதுச்சொத்துச் சேதத் தடுப்புச் சட்டத்தையும் சேர்த்தார்கள். அதில் ஐந்து ஆண்டு வரை சிறை. கேரள வனச் சட்டத்தின் 61ஏ பிரிவு வேறு வழி: வழக்கு நடந்தாலும் நடக்காவிட்டாலும் மரத்தையும் வண்டியையும் வன அதிகாரி பறிமுதல் செய்யலாம். மரக் கடத்தலில் முதலாளிக்கு வலிப்பது இதுதான். லாரி போனால் தொழில் போச்சு.

அதிகாரிகள் விஷயம் இழுக்கும். ஊழல் தடுப்புச் சட்டத்தின் 17ஏ பிரிவில் விசாரிக்க முன் ஒப்புதல், 19ஆம் பிரிவில் வழக்குத் தொடர அனுமதி. லஞ்சப் பணம் கைமாறியதைப் பிடிக்காமல், கோப்பில் போட்ட கையெழுத்தை மட்டும் வைத்து இந்தப் படிகளை ஏறுவது கடினம். முட்டிலில் சிறப்புப் புலனாய்வுக் குழு 2023 டிசம்பரில் 12 பேர் மீது, 104 மரங்களுக்காகக் குற்றப்பத்திரிகை போட்டது. 84 ஆயிரம் பக்கத்துக்கு மேல். கிராம அலுவலகத்தில் வேலை பார்த்தவர்களும் அந்தப் பட்டியலில் உண்டு. எல்லாம் குற்றச்சாட்டுதான், தீர்ப்பு இல்லை.

[திரையில்: குப்பாடி மரக்கிடங்கு]

பிடித்த துண்டுகள் சுல்தான் பத்தேரிக்கு அருகே குப்பாடி டெப்போவில் அடுக்கியிருக்கின்றன. வெட்டவெளியில் மழையும் வெயிலும் பட்டால் முதலில் மக்குவது வெளிறு, டிஎன்ஏ இருக்கும் அதே வெளிறு. அதனால் ஏலம் விட கோர்ட்டைக் கேட்பதற்கு முன்பே, ஒவ்வொரு துண்டிலிருந்தும் இரட்டை மாதிரி எடுத்து, ஒன்றைச் சீல் வைத்துக் கோர்ட்டில் ஒப்படைத்து, இரு தரப்பும் நிற்க அளந்து படம் எடுத்துவிட வேண்டும்.