இரண்டு ரைபிள் வாங்கினால் தடுப்பார்களா? நேயர் கேள்விக்கு விளக்கம்

போன வாரம் வந்த கேள்விகளில் ஒன்று இரண்டு நாளாக மண்டையைக் குடைகிறது. ஒரு நேயர் எழுதியிருந்தார்: "அமெரிக்காவில் ஒரே ஆள் ஒரு வாரத்தில் இரண்டு துப்பாக்கி வாங்கினால் கடைக்காரர் அரசுக்குச் சொல்ல வேண்டும் என்றீர்கள். டெக்சாஸில் இருக்கும் என் மச்சானோ, அங்கே யாரும் தடுப்பதில்லை என்கிறார். யார் சொல்வது சரி?"

இரண்டும் சரிதான். சொல்லத்தான் வேண்டும், தடுக்க வேண்டியதில்லை. வாங்கியவர் துப்பாக்கியோடு வீட்டுக்குப் போய்விடுவார். கடைக்காரர் அன்று கடை சாத்துவதற்குள் படிவத்தை அனுப்பிவிட வேண்டும், அவ்வளவுதான். பழைய நேயர்களுக்கு இது தெரியும், நான் அலுக்காமல் சொல்கிற விஷயம்: துப்பாக்கி முன்னால் போகும், தாள் பின்னால் போகும்.

ஆனால் 'ஒரு வாரம்' என்று நான் சொன்னது தப்பு. சட்டம் சொல்வது, தொடர்ந்து ஐந்து வேலை நாட்கள். வேலை நாள் என்றால் அந்தக் கடை திறந்திருக்கும் நாள். சனி, ஞாயிறு மட்டும் திறக்கும் கடை என்று வையுங்கள். இந்தச் சனிக்கிழமை ஒன்று, அதற்கு அடுத்த வாரமும் தாண்டி வரும் சனிக்கிழமை இன்னொன்று வாங்கினாலும் கணக்கில் வந்துவிடும். இதைப் படித்தபோது நான் தனியாக உட்கார்ந்து சிரித்தேன்.

கைத்துப்பாக்கிக்கு இந்த விதி 1975-லிருந்து நாடு முழுக்க உண்டு, 1986-ல் சட்டத்திலேயே சேர்த்தார்கள். ரைபிளுக்கு 2011-ல்தான் வந்தது. அதுவும் டெக்சாஸ், அரிசோனா, நியூ மெக்சிகோ, கலிபோர்னியா என்று மெக்சிகோ எல்லையை ஒட்டிய நாலு மாநிலங்களில் மட்டும். எல்லா ரைபிளும் இல்லை. செமி ஆட்டோமேட்டிக்காக (விசையை ஒருமுறை இழுத்தால் ஒரு குண்டு, அடுத்த குண்டு தானே ஏறிக்கொள்ளும்) இருக்க வேண்டும், மேகசின், அதாவது குண்டுப் பெட்டி, கழற்றி மாட்டுவதாக இருக்க வேண்டும், காலிபர், அதாவது குண்டின் குறுக்களவு, பாயிண்ட் 22 அங்குலத்துக்கு மேல் இருக்க வேண்டும். மெக்சிகோ போதைக் கும்பல்கள் தேடிப் பிடிக்கும் சரக்கு அது. அடகுக்கடைக்காரர்களுக்கும் இது பொருந்தும். ஆமாம், அங்கே அடகுக்கடையில் துப்பாக்கியும் கிடைக்கும்!

இந்த ரைபிள் விதி வந்ததும் கடைக்காரர்களுக்குக் கோபம் வந்தது. அதற்கும் காரணம் இருந்தது. 2009-லிருந்து அரிசோனாவின் ஃபீனிக்ஸில் ஏடிஎஃப் (துப்பாக்கி விற்பனையைக் கண்காணிக்கும் மத்திய அரசு அமைப்பு) அதிகாரிகள், பெரிய புள்ளிகளைப் பிடிக்கலாம் என்று, சந்தேக ஆட்கள் வாங்கிய சுமார் 2000 துப்பாக்கிகளைப் போகவிட்டார்கள். தகவல் தந்ததே கடைக்காரர்கள்தான். 2010 டிசம்பரில் எல்லைக் காவலர் பிரையன் டெர்ரி கொல்லப்பட்ட இடத்தில் அவற்றில் இரண்டு கிடந்தன. அந்தச் சூடு ஆறுமுன்னே புதுப் படிவம் வந்தால் எரியாதா? வழக்குப் போட்டார்கள், 2013-ல் மேல்முறையீட்டிலும் தோற்றார்கள்.

சரி, நீங்கள் என்னைக் கேட்டிருக்க வேண்டிய கேள்வி வேறு: அந்தத் தாளை வைத்து என்ன செய்கிறார்கள்? நாட்டில் துப்பாக்கி உரிமையாளர் பதிவேடு வைக்கவே 1986 சட்டம் விடாது. குற்றம் நடந்த இடத்தில் ஒரு துப்பாக்கி கிடைத்தால், மேற்கு வர்ஜீனியாவின் மார்ட்டின்ஸ்பர்க்கில் உள்ள ஏடிஎஃப்பின் துப்பாக்கித் தடம் தேடும் மையம் முதலில் தயாரித்த கம்பெனியைக் கேட்கும். அவர்கள் மொத்த வியாபாரியைக் காட்டுவார்கள், அவர் கடைக்காரரைக் காட்டுவார். கடைக்காரர் தன் விற்பனைக் கணக்கு நோட்டைப் புரட்டுவார். மூடிய கடைகளின் நோட்டுகள் பெட்டி பெட்டியாக அந்த மையத்துக்கே வந்து குவிகின்றன. இரண்டு வாங்கியவரின் படிவம் மட்டும் ஏற்கெனவே அவர்கள் கையில் இருப்பதால், துப்பாக்கியில் பொறித்த நம்பர் ஒத்துப்போனால் இந்த அலைச்சல் இல்லாமலே பெயர் வந்துவிடும்.

அப்புறம், மச்சானிடம் ஒன்று கேட்டுச் சொல்லுங்கள்: அவர் ஊர்க் கடை வாரத்தில் எத்தனை நாள் திறக்கிறது?