கல்லாவில் உட்கார்ந்தவர் கல்லாதவரா?

நடுவர் அவர்களுக்கும் அவையோருக்கும் வணக்கம். சிங்கப்பூரில் உயர்நிலைப் பள்ளி மாணவர் தொழில்முனைப்பைக் கற்க உகந்த இடம் வகுப்பறையா, கடையா என்பது தலைப்பு. கடையே என்பது எங்கள் கட்சி.

எதிரணித் தலைவர் ஒரு வரி சொன்னார்: "பிள்ளையைக் கல்லாவில் உட்கார வைத்தால், அவன் கல்லாதவனாகத்தான் எழுந்து வருவான்." நீங்கள் கைதட்டினீர்கள், மறைப்பானேன், நானும் தட்டினேன். தட்டிய கையின் சூடு ஆறுவதற்குள் என் மகள் நடத்திய, பந்துங் என்னும் ரோஜாப்பால் விற்ற கடை நினைவுக்கு வந்தது.

2014இல் அவள் உயர்நிலை மூன்றில் படித்தபோது, ஐந்து பேர் ஆளுக்கு 20 வெள்ளி முதல் போட்டு, இரண்டு வாரம் இடைவேளையில் கடை நடத்தப் பள்ளி அனுமதித்தது. 18 வயது நிரம்பாதவர் பெயரில் இங்கே வணிகத்தைப் பதிவு செய்ய இயலாது என்பதால் பொறுப்பு ஆசிரியருடையது. லாபமும் நட்டமும் பிள்ளைகளுடையவை. ரோஜாப் பாகு, டின்பால், குவளை எல்லாம் கூட்டி, அடக்கவிலை 70 காசு, விற்கும் விலை 1 வெள்ளி 50 காசு என்று தாளில் அழகாக எழுதினார்கள். அப்போது 7 விழுக்காடாக இருந்த ஜிஎஸ்டியையும் சேர்க்க வேண்டாமா என்று ஒருவன் கேட்க, ஆண்டு விற்பனை ஒரு மில்லியன் வெள்ளியைத் தாண்டினால்தான் அதற்குப் பதிவு கட்டாயம், பந்துங் விற்றே அந்தத் தொல்லைக்கு ஆளாக வாழ்த்துகிறேன் என்றாராம் ஆசிரியர்.

அந்தத் தாளில் ஐஸ் இல்லை. முதல் நாள், ஐஸ் இல்லாத பந்துங்கை யாரும் தொடவில்லை. இரண்டாம் நாள், காலையிலேயே வாங்கி வைத்த நான்கு பை ஐஸ், இடைவேளை மணி அடிப்பதற்குள் வாளியில் தண்ணீராகிவிட்டது. மூன்றாம் நாள், ஒருத்தி வீட்டிலிருந்து மீன் வாங்கிய தெர்மாகோல் பெட்டியைக் கழுவிக் கொண்டுவந்தாள். ஐஸ் நின்றது, ஆனால் அன்றைய பந்துங்கில் ரோஜாவோடு வஞ்சிரமும் மணத்தது.

விற்பனை சூடுபிடித்த வாரத்தில் கல்லாவில் 13 வெள்ளி 50 காசு குறைந்தது. திருட்டு இல்லை. கல்லாவில் இருந்த பையன், "நாளைக்குத் தருகிறேன்" என்ற ஒரே சொல்லை நம்பி ஒன்பது நண்பர்களுக்குக் குவளையை நீட்டியிருக்கிறான். வாராக்கடன் என்பதற்கு வகுப்பில் ஒரு வரி விளக்கம் கிடைக்கும். அவனுக்கு ஒன்பது முகங்கள் கிடைத்தன. நட்பும் முறியாமல் காசும் போகாமல் எட்டுப் பேரிடம் வசூலிக்க நான்கு நாள் ஆயிற்று. ஒன்பதாமவர் இப்போது ஒரு வங்கியில் கடன் வசூலிக்கும் பிரிவில் இருக்கிறார்.

மீண்டும் எதிரணித் தலைவர் சொன்ன கல்லாவுக்கு வருகிறேன். 1819இல் ஆங்கிலேய அதிகாரி ராஃபிள்ஸோடு பினாங்கிலிருந்து இங்கே வந்த நாராயண பிள்ளை, செங்கல் சூளை வைத்தார், துணிக்கடை வைத்தார்; 1822இல் கடை தீக்கிரையாகிக் கடனில் நின்றார்; மறுபடி எழுந்து, 1827இல் சவுத் பிரிட்ஜ் சாலையில் மாரியம்மன் கோயிலை எழுப்பினார். எதிரணித் தலைவரே, அந்தக் 'கல்லாதவர்' எழுப்பிய கோயிலில்தானே நீங்களும் தீமிதி பார்க்க வரிசையில் நிற்கிறீர்கள்?

மற்ற வாதங்களை எனக்கு அடுத்துப் பேசுபவர் பார்த்துக்கொள்வார். நான் என் அப்பாவைப் பற்றிச் சொல்ல வேண்டும்.

தோ பாயோவில் ஓர் அடுக்குமாடியின் கீழ்த்தளத்தில் அவர் மாமாக்கடை, அதாவது சின்ன மளிகைக்கடை வைத்திருந்தார். "நீ படி" என்று சொல்லி என்னைக் கல்லாப் பக்கமே அண்டவிடவில்லை. படித்தேன். எனக்கு 26 வயதானபோது அவர் மருத்துவமனையில் படுத்துவிட, ஒரு வாரம் நான் கடையைத் திறந்தேன். கணக்கியலில் பட்டம் இருந்தது. ஒரு ரொட்டியின் விலை தெரியவில்லை. மூன்றாம் மாடிச் சீனப் பாட்டி ரொட்டியை எடுத்து, விலையையும் தாமே சொல்லி, 5 வெள்ளித் தாளை நீட்டினார். நான் தடுமாறுவதைப் பார்த்து, மீதிச் சில்லறையைப் பெட்டியிலிருந்து எடுத்து என் உள்ளங்கையில் வைத்து எண்ணிக் காட்டிவிட்டு, பிறகே தம் கைக்கு மாற்றிக்கொண்டார்.

அன்று மாலை அப்பாவிடம் இதைச் சொன்னேன். அவர் சிரிக்கவில்லை. "அந்தப் பாட்டிக்கு எப்போதும் 20 காசு குறைத்துத்தான் வாங்குவேன், நீ குறைத்தாயா?" என்று கேட்டார்.

நான் குறைக்கவில்லை, நடுவர் அவர்களே. வணக்கம்.