வாசல் தெருப்பக்கம் இருக்கட்டும்

(கிளிநொச்சியில் ஒரு மாலைக் கூட்டத்தில் பேசியதைப் பிறகு எழுதி ஒழுங்குபடுத்தியது)

எல்லோருக்கும் வணக்கம். பின்னால் நிற்கிற தம்பிமார் முன்னுக்கு வந்து இருக்கலாம், கதிரைகள் சும்மாதான் கிடக்கின்றன.

தொண்ணூறுகளின் கடைசியில் நாங்கள் இடம்பெயர்ந்திருந்த ஊரில் கரண்ட் இல்லை. ஒரு வீட்டு முற்றத்தில் மேசை போட்டு, அதில் ரீவியையும் டெக்கையும் வைத்து, வேலிக்கு அப்பால் ஜெனரேற்றரை ஓடவிட்டுப் படம் காட்டுவார்கள். ஒரு நாள் படம் முக்கால்வாசி போயிருக்கும், மண்ணெண்ணெய் முடிந்துவிட்டது. அந்த நாளில் மண்ணெண்ணெய் என்ன விலை என்று மூத்தவர்களுக்குத் தெரியும். ஆனால் ஒருவரும் எழும்பவில்லை. அந்தப் படத்தை முந்தியே யாழ்ப்பாணத்தில் தியேட்டரில் பார்த்திருந்த ஒரு அண்ணை, மிச்சக் கதையை இருட்டுக்குள் சொல்லி முடித்தார், சண்டைக் காட்சி உட்பட. கன வருசம் கழித்து அதே படத்தை முழுதாகப் பார்த்தேன். முடிவு அவர் சொன்னதுபோல இல்லை. அண்ணையின் முடிவுதான் திறம்.

சரி, விசயத்துக்கு வருகிறேன். ஒரு கலைக்கல்லூரி ஊர்ச்சனத்துக்காகத் திரையரங்கு நடத்தலாமா என்பதுதான் இன்றைய பேச்சு. புதிதாக வந்த படத்தை ஓட்டிக் காசு பார்க்கிற தியேட்டரைச் சொல்லவில்லை. பழையதும் புதியதுமாக, உள்ளூரும் வெளியூருமாக, யாரோ ஒருவர் யோசித்துத் தெரிவுசெய்து, மாற்றி மாற்றிக் காட்டுகிற அரங்கு. ரெப்பர்ட்டரி சினிமா என்கிறார்கள். அந்தச் சொல் நாடகக் குழுக்களிடமிருந்து வந்தது. எங்கள் பாசையில் சொன்னால், கூத்துப் பழக்குகிற அண்ணாவியாரின் கைவசம் உள்ள கூத்துகள்.

பார்த்த படத்தை ஏன் திரும்பப் பார்க்கவேண்டும் என்று கேட்பவர்கள் உண்டு. முல்லைத்தீவுப் பக்கத்துக் கோவலன் கூத்தை எடுங்கள். கோவலன் வெட்டுப்படப் போகிறான் என்று தெரியாத ஒரு குஞ்சு குருமானாவது அந்தக் கூட்டத்தில் இருக்குமா? ஆனாலும் விடியும்வரை இருக்கிறோம். இந்தமுறை யார் கண்ணகி, போனமுறை ஆடியவர் அந்த இடத்தை எப்படிப் பாடினார் என்று வாய்க்குள் ஒப்பிட்டுக்கொண்டுதான் இருக்கிறோம். பழைய படம் பார்க்கிற பழக்கமும் அதுதான். புதிதாக எதையும் எங்களுக்குக் கற்றுத்தரத் தேவையில்லை.

அமெரிக்காவில், சிகாகோ நகரத்தில், 1866 இல் தொடங்கிய ஒரு ஓவியக் கல்லூரி இருக்கிறது. அங்கேயுள்ள கலை நிறுவனத்தோடு சேர்ந்த கல்லூரி. அது 1972 இல் ஒரு திரைப்பட மையத்தை ஆரம்பித்தது. 2000 ஆம் ஆண்டு அதற்கு ஜீன் சிஸ்கல் என்ற விமர்சகரின் பெயரை வைத்தார்கள். தொலைக்காட்சியில் ரோஜர் ஈபர்ட்டோடு இருந்து, படம் நல்லதென்றால் பெருவிரலை மேலே, கூடாதென்றால் கீழே காட்டினாரே, அவர்தான். 1999 இல் காலமானார். பெயர் வைத்த அடுத்த வருசம், 2001 இல், மையத்தை ஸ்டேட் வீதிக்குக் கொண்டுபோனார்கள். கடைகள் நிறைந்த வீதி. எதிரே 1921 இல் திறந்த பழைய பெரிய தியேட்டர். இவர்களிடம் இருப்பது இரண்டே இரண்டு திரை.

எனக்குப் பிடித்தது அங்கே நடக்கிற வகுப்பு. மாணவர்களுக்கு அது பாடம், பரீட்சைப் புள்ளிக்குரியது. ஆனால் வெளியாள் ஒருவர் ரிக்கெற் எடுத்துக்கொண்டு அதே வகுப்பில் போய் இருக்கலாம். படம் ஓடும், பிறகு விரிவுரையாளர் பேசுவார், பிறகு கேள்வி. பக்கத்துக் கதிரையில் இருக்கிறவர் வேலை முடிந்து வந்தவராக இருக்கலாம், பென்சன்காரராக இருக்கலாம். படம் படிக்கிற பெடியனுக்கு அந்தப் பென்சன்காரர் எந்த இடத்தில் சிரிக்கிறார், எந்த இடத்தில் கொட்டாவி விடுகிறார் என்பதும் ஒரு பாடம். புத்தகத்தில் அது கிடையாது.

எங்கள் பக்கத்தில் என்ன இருக்கிறது? வவுனியா வளாகம் 2021 இல் தனிப் பல்கலைக்கழகமாகிவிட்டது. இங்கே அறிவியல் நகரில் யாழ்ப்பாணப் பல்கலைக்கழகத்தின் பொறியியல் பீடமும் விவசாய பீடமும் இருக்கின்றன. நுண்கலை படிக்கவேண்டுமென்றால் பிள்ளைகள் மருதனார்மடத்துக்கோ மட்டக்களப்புக்கோ போகவேண்டும். வன்னிக்கு ஒரு கலைக்கல்லூரி வரும் என்று வையுங்கள். அப்போது என்னைக் கேட்டால், முதலில் திரையரங்கைக் கட்டுங்கள் என்பேன். அதையும் வளாகத்தின் உட்பகுதியில் அல்ல, றோட்டுக்கரையில். எங்கள் நாட்டில் உயர்கல்வி நிறுவனம் என்றால் முதலில் தெரிவது கேற், அதில் அடையாள அட்டை கேட்கிற காவலாளி. தோட்டத்து மண் காலோடு வருகிற ஒருவர் அந்தக் கேற்றைத் தாண்டமாட்டார். றோட்டைப் பார்த்த வாசல் என்றால், சைக்கிளைச் சாத்திவிட்டு எட்டியாவது பார்ப்பார்.

எதைக் காட்டுவது என்பதுதான் கஷ்டம். எங்கள் சொந்தப் படங்களையே தேடவேண்டியிருக்கிறது. 1983 யூலைக் கலவரத்தில் கொழும்புக்கு வடக்கே ஹெந்தளையிலிருந்த விஜயா ஸ்டூடியோ எரிக்கப்பட்டது. எத்தனையோ படங்களின் நெகட்டிவ் அதோடு போயிற்று. எரியாமல் தப்பிய சுருளும் சும்மா கிடந்தால் நிலைக்காது. 35 மில்லிமீற்றர் படம் நிமிடத்துக்கு 90 அடி ஓடும். இரண்டு மணிநேரப் படத்தை விரித்தால் மூன்று கிலோமீற்றருக்கு மேல், பரந்தன் பக்கமாக நல்ல தூரம் போகும். அவ்வளவும் வெக்கையிலும் ஈரத்திலும் கிடந்தால் சுருங்கி, வினாகிரி மணக்கத் தொடங்கும். அந்த மணம் வந்தால் சுருள் அழியத் தொடங்கிவிட்டது என்று அர்த்தம்.

அதனால்தான் 1977 இல் வந்த ‘பொன்மணி’ போன்ற ஒரு படத்தை வன்னியில் பெரிய திரையில் பார்க்க எனக்கு ஆசை. எடுத்தவர் தர்மசேன பத்திராஜ, சிங்களவர், யாழ்ப்பாணத்தில் படிப்பித்தவர். படம் தமிழ்ப்படம், யாழ்ப்பாணத்துக் கதை. அதைப் பார்த்துவிட்டு வன்னிச்சனம் யாழ்ப்பாணத்தாரைப் பற்றி என்ன சொல்லும் என்பதைக் கேட்கவே நான் ரிக்கெற் எடுப்பேன்.

கல்லூரி வரும்வரை காத்திருக்கத் தேவையில்லை. புரொஜெக்டர் வாடகைக்குக் கிடைக்கிறது. யன்னலுக்குக் கறுப்புத் துணி தைக்க ஆள் இருக்கிறது. ஒன்றை மட்டும் சொல்லிவிடுகிறேன்: டிவிடி கையில் இருந்தால் வீட்டில் பார்க்கலாம், ஊரைக் கூட்டிக் காட்ட உரிமைக்காரரின் அனுமதி வேறாக வேண்டும். கேட்டு எழுதுங்கள். சிறிய கூட்டம் என்றால் சிலர் காசில்லாமலும் தருவார்கள்.

மற்றது, நேரம். பலர் கடைசி பஸ்ஸைப் பிடிக்கவேண்டியவர்கள். நாலு மணிக்குத் தொடங்கினால் ஆறு மணிக்குப் படம் முடியும், பேசுவதற்கு அரை மணித்தியாலம்தான் மிஞ்சும். அது காணாது. ஒட்டுசுட்டானிலிருந்து வந்த தங்கச்சி கை உயர்த்துகிறா, அவவிடம் ஒரு வழி இருக்கும்போலத் தெரிகிறது. சொல்லுங்கோ பிள்ளை.