வைக்கோல் தொப்பிக்காரரின் வாரிசுகள்

நேயர்களுக்கு வணக்கம். அமானுஷ்யத் தொடர்களைப் பற்றிப் பேச வேண்டும் என்று நிலையத்தில் கேட்டார்கள். "ராத்திரி ஒலிபரப்பா?" என்றேன். இல்லையாம், காலையிலாம். நல்லதாகப் போயிற்று. காபியைக் குடித்துக்கொண்டே கேளுங்கள், யாரும் பயப்பட வேண்டாம்.

மூன்று அமெரிக்கத் தொடர்களைப் பற்றிச் சொல்லப் போகிறேன். பார்த்திராவிட்டாலும் பரவாயில்லை. தாத்தா, மகன், பேரன் என்று ஒரு குடும்பக் கதையாகவே கேட்கலாம். அந்தக் குடும்பத்தில் பரம்பரைச் சொத்து என்று ஒன்று உண்டு. பேய் இல்லை. பேயைப் பார்த்துவிட்டு வந்து, "பார்த்தேன்" என்று சொல்லி, ஊரே நம்பாமல் நிற்கிற ஒரு ஆள். அந்த ஆள்தான் சொத்து.

தாத்தாவிடம் தொடங்குவோம். 1972 ஜனவரி. ஏபிசி தொலைக்காட்சியில் 'த நைட் ஸ்டாக்கர்' என்று ஒரு படம். தொலைக்காட்சிக்காகவே எடுத்தது. கார்ல் கோல்சாக் என்று ஒரு நிருபர். நடித்தவர் டேரன் மெக்கேவின். கசங்கிய வெளிர்நிறக் கோட்டு, வைக்கோல் தொப்பி, கையில் டேப் ரெக்கார்டர். லாஸ் வேகஸ் நகரத்தில் பெண்கள் வரிசையாகச் செத்துக் கிடக்கிறார்கள், உடம்பில் ரத்தம் இல்லை. கோல்சாக் துப்புத் துலக்கிக்கொண்டே போகிறார். கொன்றவன் ரத்தக்காட்டேரி. இதைப் போலீஸிடம் சொன்னால் என்ன ஆகும்? உங்கள் ஊர் ஸ்டேஷனில் போய்ச் சொல்லிப் பாருங்களேன்.

இங்கே என் சொந்தக் கதை கொஞ்சம். பொறுத்துக்கொள்ளுங்கள். நான் முப்பது வருஷம் ஒரு நாளிதழில் உதவி ஆசிரியராக இருந்தவன். வேலைக்குச் சேர்ந்த புதிதில், சுடுகாட்டுப் பக்கம் வெள்ளையாக ஒன்று நடமாடுகிறது என்று ஒரு ஊரே திரண்டு வந்து சொன்னதை மூன்று பக்கம் எழுதிக்கொண்டு போய் நீட்டினேன். எங்கள் செய்தி ஆசிரியர் படித்தார். கண்ணாடியைக் கழற்றினார். "தம்பி, அது பேசிச்சா?" என்றார். "இல்லைங்க." "அப்ப அதுகிட்ட கருத்து வாங்கிட்டு வா. ஒரு தரப்பை மட்டும் போட முடியாது." ஆபீஸே சிரித்தது. அந்த மூன்று பக்கம் குப்பைக்கூடைக்குக்கூடப் போகவில்லை. பின்பக்கம் வெள்ளையாக இருந்ததால் கணக்குப் போட எடுத்துக்கொண்டார்.

இது நடந்து பல வருஷம் கழித்துத்தான் கோல்சாக்கைப் பார்த்தேன். அவருக்கும் வின்சென்ஸோ என்று ஒரு ஆசிரியர். ஒவ்வொரு முறையும் கோல்சாக் உண்மையைக் கொண்டுவருவார், வின்சென்ஸோ கத்துவார், செய்தி அச்சேறாது. அந்த முதல் படத்தின் முடிவு இன்னும் மோசம். காட்டேரியைக் கொன்றவரே கோல்சாக். ஆனால் கொலை வழக்குப் போடுவோம் என்று மிரட்டி அவரை ஊரைவிட்டே துரத்துகிறார்கள். கடைசியில் அவரிடம் மிஞ்சுவது ஒரு விடுதி அறையும், டேப் ரெக்கார்டரும், தன் குரலும்தான். வானொலியில் உட்கார்ந்து இதைச் சொல்லும்போது எனக்குத் தனிப் பிரியம் வருகிறது. யார் கேட்கிறார்கள் என்று தெரியாமல் பேசுகிற ஆள் அவர்.

அதைத் தயாரித்தவர் டேன் கர்ட்டிஸ். அவர் ஏற்கெனவே 'டார்க் ஷேடோஸ்' என்று 1966 முதல் 1971 வரை, பிற்பகலில் வீட்டிலிருப்பவர்கள் பார்க்கிற தினத்தொடர் ஒன்றை நடத்தியவர். மாமியார் மருமகள் நேரத்தில் ரத்தக்காட்டேரியை உட்கார வைத்த மனிதர். 1225 எபிசோட் ஓடியது என்றால் பார்த்துக்கொள்ளுங்கள். கோல்சாக் படம் அப்படி ஒரு வெற்றி பெற்றதால் இரண்டாவது படம் வந்தது, பிறகு 1974இல் தொடர். வாரம் ஒரு பேய். இருபதே எபிசோடில் முடிந்தது. தோல்விதான்.

ஆனால் அதைப் பார்த்து நடுங்கிய பையன்களில் ஒருவர் கிறிஸ் கார்ட்டர். முதல் படம் வந்தபோது அவருக்குப் பதினைந்து வயது. 1993இல் அவர் ஆரம்பித்த தொடர்தான் 'எக்ஸ்-ஃபைல்ஸ்'. நம்மூரில் கேபிள் வந்த புதிதில் பார்த்தவர்கள் இருப்பீர்கள். மல்டர், ஸ்கல்லி என்று இரண்டு பேர். எஃப்பிஐ, அதாவது அமெரிக்க மத்தியப் புலனாய்வுத் துறை அதிகாரிகள். யாராலும் விளக்க முடியாத வழக்குகளின் கோப்புகளைத் துருவுவது அவர்கள் வேலை. கார்ட்டர் செய்த கெட்டிக்காரத்தனம் என்ன தெரியுமா? நம்பாத ஆசிரியரை மேசைக்குப் பின்னாலிருந்து எழுப்பி, காரில் பக்கத்து இருக்கையில் உட்கார வைத்தார். அவள்தான் ஸ்கல்லி. மருத்துவம் படித்தவள். "சாட்சி எங்கே?" என்று எங்கள் செய்தி ஆசிரியர் மாதிரியே கேட்பாள், ஆனால் கூடவே வருவாள். அதனால்தான் அது இருபது எபிசோடில் நிற்கவில்லை.

கார்ட்டர் கடனை மறக்கவில்லை. மெக்கேவினைக் கோல்சாக்காகவே எக்ஸ்-ஃபைல்ஸுக்குள் வரச் சொல்லிக் கேட்டார். அவர் மறுத்துவிட்டார். சரி என்று ஆர்தர் டேல்ஸ் என்றொரு பாத்திரம் தந்தார்கள். மல்டருக்கு முன்பே, ஐம்பதுகளிலேயே அந்தக் கோப்புகளைத் திறந்து பார்த்த ஓய்வுபெற்ற அதிகாரி. தாத்தாவைக் கூடத்தில் நாற்காலி போட்டு உட்கார வைத்தது போலத்தான். 1998, 1999 என்று இரண்டு முறை வந்து போனார்.

இப்போது பேரன். 'சூப்பர்நேச்சுரல்', 2005 செப்டம்பர். அதை உருவாக்கிய எரிக் கிரிப்கி முதலில் யோசித்ததே ஒரு நிருபரைத்தான். மறுபடியும் நிருபர்! சேனல்காரர்களுக்குப் பிடிக்கவில்லை. உடனே மாற்றி, பழைய 1967 இம்பாலா காரில் ஊர் ஊராகப் போய்ப் பேய் ஓட்டுகிற அண்ணன் தம்பி என்றார். முதல் எபிசோடிலேயே எதிரே வரும் இரண்டு எஃப்பிஐ அதிகாரிகளை அண்ணன்காரன் "ஏஜென்ட் மல்டர், ஏஜென்ட் ஸ்கல்லி" என்று கேலி செய்வான்.

வேடிக்கை, அதே மாதம், இரண்டு வாரம் கழித்து, கோல்சாக்கையே புதிதாக எடுத்து ஏபிசி ஒளிபரப்பியது. எடுத்தவர் எக்ஸ்-ஃபைல்ஸ்காரரான ஃபிராங்க் ஸ்பாட்னிட்ஸ். பெயரும் இருந்தது, உரிமையும் இருந்தது. ஆறு எபிசோடில் நிறுத்திவிட்டார்கள். சூப்பர்நேச்சுரல் 2020 வரை, பதினைந்து சீசன், 327 எபிசோட் ஓடியது. பெயர் வாங்கிய பிள்ளை போய்விட்டது, முகஜாடை வாங்கிய பிள்ளை பிழைத்துக்கொண்டது.

அந்த ஜாடை எப்படி வந்தது? ஆட்கள் வழியாக. இதை நான் எங்கே பேசினாலும் சொல்வேன். கூத்து ஒரு ஜமாவிலிருந்து இன்னொரு ஜமாவுக்கு எப்படிப் போகிறது? மிருதங்கக்காரர் மாறிப் போவார், வேஷக்காரர் போவார். அதே மாதிரிதான். சூப்பர்நேச்சுரலின் முதல் எபிசோடை இயக்கிய டேவிட் நட்டர் எக்ஸ்-ஃபைல்ஸ் ஆள். எழுத்தாளர் ஜான் ஷைபன் அங்கிருந்து வந்தவர். கிம் மேனர்ஸ் எக்ஸ்-ஃபைல்ஸில் ஐம்பதுக்கும் மேல் இயக்கிவிட்டு இங்கே வந்தார். 2009இல் இறக்கும்வரை இங்கேதான். படப்பிடிப்பும் எக்ஸ்-ஃபைல்ஸ் முதல் ஐந்து சீசன் எடுத்த, கனடாவில் இருக்கிற அதே வான்கூவரில். மழையும் இருட்டும் வாடகையில்லாமல் கிடைக்கிற ஊர். மல்டரின் மேலதிகாரியாக வந்த மிட்ச் பிலெஜி, இங்கே அந்த அண்ணன் தம்பிக்குத் தாய்வழித் தாத்தா!

ஆட்கள் வழியாக வராத ஒன்றும் உண்டு. சூப்பர்நேச்சுரலில் பேய்க்கு ஆகாதவை இரண்டு: உப்பு, இரும்பு. வாசலில் உப்பைக் கோடாகப் போட்டால் ஆவி தாண்டாது. என் அக்கா மகன் மடிக்கணினியில் இதைப் பார்த்துக்கொண்டிருந்தபோது எங்கள் பெரியம்மா எட்டிப் பார்த்தார். இங்கிலீஷ் ஒரு வார்த்தை தெரியாது. "உப்பு மட்டும் போட்டா எப்படி, மிளகா வத்தல் எங்கே?" என்றார். கறிக்குழம்புத் தூக்கோடு உச்சி வேளையில் போகிறவர்கள் கரித்துண்டோ இரும்பாணியோ வைத்துக்கொள்வது உங்களுக்கும் தெரியும். அதை இவர்களும் நம்மிடம் வாங்கவில்லை, நாமும் அவர்களிடம் வாங்கவில்லை. பெரியம்மா அதற்குப் பிறகு மூன்று எபிசோட் உட்கார்ந்து பார்த்தார், அது வேறு.

கண்ணாடிக்கு அந்தப் பக்கம் இரண்டு விரல் காட்டுகிறார்கள். 'பஃபி'க்கு என்று கால் மணி நேரம் ஒதுக்கி வைத்திருந்தேன். 1997 முதல் 2003 வரை, 144 எபிசோட். பள்ளிக்கூடப் பெண் காட்டேரிகளைக் கொல்கிறாள். வருஷத்துக்கு ஒரு பெரிய வில்லன் என்ற வழக்கம் ஊன்றியது அங்கேதான். 2005இல் 'டாக்டர் ஹூ' என்ற பழைய பிரிட்டிஷ் தொடரை மறுபடி எழுப்பிய ரஸ்ஸல் டி டேவிஸ் பஃபியின் பாதிப்பை ஒப்புக்கொண்டவர். இதற்குமேல் விரிக்க நேரமில்லை.

ஒன்றே ஒன்று. நிறுத்தப்பட்ட அந்த 2005 கோல்சாக்குக்காக எக்ஸ்-ஃபைல்ஸ் எழுத்தாளர் டேரின் மார்கன் எழுதிய ஒரு கதை படமாகாமலே கிடந்தது. 2016இல் எக்ஸ்-ஃபைல்ஸ் திரும்பி வந்தபோது அதைத் தூசி தட்டி எடுத்துக்கொண்டார்கள். அதில் மனித வேஷத்தில் ஒரு ஜந்து வரும். அதற்கு என்ன உடை மாட்டியிருந்தார்கள் என்றால், கசங்கிய வெளிர்நிறக் கோட்டு, வைக்கோல் தொப்பி.

நன்றி, வணக்கம்.