பெயிண்டை அப்புறம் பார்த்துக்கொள்ளலாம்

வானொலி நேயர்களுக்கு வணக்கம்.

பழைய ரேடியோவில் வால்யூமைத் திருகும்போது கரகரவென்று ஒரு சத்தம் வருமே, அதைக் கேட்காதவர்கள் இருக்க மாட்டீர்கள். திருகினால் கரகர, நிறுத்தினால் பாட்டு. அந்தக் குமிழுக்குப் பின்னால் கரி பூசிய ஒரு தடம் இருக்கிறது. அதன் மேல் ஒரு உலோக நாக்கு நகர்கிறது. நடுவில் தூசு சேர்ந்தால் கரகர. எலக்ட்ரிக் கிட்டாரின் வால்யூமுக்குள்ளும் இதே சாமான்தான். பரணில் பல வருடம் கிடந்த கிட்டாரை இறக்கி, ஆம்ப்ளிஃபயரில் சொருகினால் முதலில் வருவது பாட்டு இல்லை, இந்தக் கரகரதான்.

அந்தச் சத்தத்தைக் கேட்டதும் சிலர் கிட்டார் போய்விட்டது என்று பழைய சாமான் கடைக்குப் போட்டுவிடுவார்கள். இன்னும் சிலர், எப்படியும் ரிப்பேருக்குக் கொடுக்கப்போகிறோம், அப்படியே பளபளவென்று பெயிண்டும் அடித்துவிடலாம் என்று கிளம்புவார்கள். இந்த இரண்டாவது ஆட்களோடுதான் இன்றைக்கு என் வழக்கு.

நான் ராணிப்பேட்டையில் தோல் தொழிற்சாலையில், ஃபினிஷிங் பகுதியில் ஸ்ப்ரே கன் பிடித்து வேலை பார்த்தவன். சாயங்காலமானால் மெல்லிசைக் குழுவில் கிட்டார். கல்யாணம், காதுகுத்து, திருவிழா, எதையும் விட்டதில்லை. பெயிண்ட் அடிப்பதே தொழிலாக இருந்த ஒருவன் பெயிண்ட் அடிக்காதீர்கள் என்று சொல்கிறான், அதைக் கொஞ்சம் மனதில் வைத்துக்கொண்டு கேளுங்கள்.

பழைய கிட்டாரை வீட்டிலேயே ரிப்பேர் செய்ய முடியுமா என்றால், முடியும். அதற்கு ஒரு காரணம் இருக்கிறது. அமெரிக்காவில், கலிஃபோர்னியாவில் ஃபுல்லர்டன் என்று ஒரு ஊர். அங்கே 1938இல் லியோ ஃபெண்டர் என்பவர் ரேடியோ ரிப்பேர் கடை திறந்தார். ஆமாம், ரேடியோ மெக்கானிக். கடைசிவரை அவருக்குக் கிட்டார் வாசிக்கத் தெரியாது. 1950இல் உள்ளே கூடு இல்லாத, கெட்டிப் பலகைக் கிட்டார் ஒன்றைச் சந்தைக்குக் கொண்டுவந்தார். முதலில் அதற்கு பிராட்காஸ்டர் என்றே பெயர் வைத்தார்கள், ரேடியோக்காரர் இல்லையா! வேறொரு கம்பெனி, அது எங்கள் டிரம்முக்கு வைத்த பெயர் என்று ஆட்சேபித்ததால் 1951இல் டெலிகாஸ்டர் ஆனது. 1954இல் ஸ்ட்ராட்டோகாஸ்டர் வந்தது. உலகம் முழுக்க இன்றும் இந்த இரண்டையும் நிறையக் காப்பி அடிக்கிறார்கள்.

ரேடியோ மெக்கானிக் புத்தி எப்படி வேலை செய்திருக்கிறது பாருங்கள். எது கெட்டாலும் கழற்றி மாட்ட வேண்டும். அதனால் கிட்டாரின் கழுத்தை உடம்போடு ஒட்டாமல் நாலு ஸ்க்ரூ போட்டு முடுக்கிவிட்டார். கழற்றினால் கையோடு வந்துவிடும். ஒரு நட்சத்திர ஸ்க்ரூ டிரைவர், ஒரு சால்டரிங் அயர்ன், ஒரு மல்டிமீட்டர் இருந்தால் முக்கால்வாசி வேலை முடிந்தது. கழுத்தை ஒட்டியே செய்கிற கிட்டார்களும் உண்டு. பழையதென்றால் வஜ்ஜிரப் பசை போட்டு ஒட்டியிருப்பார்கள். அதில் வீட்டில் கை வைக்காதீர்கள், தெரிந்தவரிடம் கொடுங்கள்.

இப்போது ஒரு கதை சொல்கிறேன். என் வீட்டில் இதை எல்லோரும் பலமுறை கேட்டாயிற்று, நீங்கள் மாட்டிக்கொண்டீர்கள்.

குடியாத்தத்திலிருந்து ஒரு தம்பி வந்தான். பங்குனி மாதம். கையில் கறுப்பாக ஒரு கிட்டார். அவன் சித்தப்பா அந்தக் காலத்துக் குழு ஒன்றில் வாசித்தது. மெட்ராஸ் மூர் மார்க்கெட்டில் செகண்ட் ஹேண்டில் வாங்கினாராம், 1985இல் அந்த மார்க்கெட் எரிந்துபோவதற்கு முன்னால். ஜப்பானில் செய்தது. தலையில் இருந்த பெயர் விழுந்துவிட்டது. கறுப்பு என்றேனே, அது கதவு ஜன்னலுக்கு அடிக்கிற எனாமல். பிரஷ் போன தடம் அப்படியே தெரிகிறது. வைகாசி ஒன்றாம் தேதி கெங்கையம்மன் சிரசுத் திருவிழாவுக்கு மேடை ஏற வேண்டுமாம்.

"இந்தக் கறுப்பையே சுரண்டிட்டு, கண்ணாடி மாதிரி புதுக் கறுப்பு அடிச்சிக் குடுத்துடுங்கணா. இன்னா செலவு ஆவும்?"

"மொதல்ல வாசிக்குதா பாப்போம் தம்பி" என்றேன்.

கேபிளைக் கிட்டாரில் சொருகி, மறுமுனையில் மல்டிமீட்டரை வைத்தேன். இது நல்ல வழி, கிட்டாரைத் திறக்கவே வேண்டாம். பிக்கப் என்று சொல்கிறோமே, கம்பிக்குக் கீழே இருக்கிற காந்தமும் சுருளும், அதில் தலைமுடி அளவு மெல்லிய செப்புக் கம்பியை ஆயிரக்கணக்கான சுற்று சுற்றியிருப்பார்கள். எங்காவது அறுந்திருந்தால் மீட்டர் நூற்றுக்கணக்கான கிலோ ஓம் காட்டும், அல்லது அசையவே அசையாது. வால்யூமை முழுக்கத் திறந்து வைத்து, ஐந்திலிருந்து எட்டு கிலோ ஓம் வரை காட்டினால் பெரும்பாலும் உயிரோடு இருக்கிறது. அவனுடையதில் இரண்டு பிக்கப்பும் உயிரோடு இருந்தன. சந்தோஷம். அறுந்திருந்தால் கஷ்டம்தான். மோட்டாருக்குக் காயில் கட்டுகிறவரிடம் இவ்வளவு மெல்லிய கம்பியைக் கொண்டுபோனால், கும்பிடு போட்டு அனுப்பிவிடுவார்.

அப்புறம், முகப்பில் இருக்கிற பிளாஸ்டிக் தகட்டைக் கழற்றினேன். கறுப்பு அடித்த ஆள் அந்தத் தகட்டைக் கழற்றாமல், அதைச் சுற்றியே பிரஷ் ஓட்டியிருக்கிறார். தகட்டுக்கு அடியில் பழைய நிறம் முழுசாக இருக்கிறது. நடுவில் தேன் மஞ்சள், விளிம்பை நோக்கிப் போகப்போகச் சிவப்பு, அப்புறம் பழுப்பு. சன்பர்ஸ்ட் என்று சொல்வார்கள். யாரோ ஒருவருடைய சோம்பேறித்தனம் செய்த உபகாரம்.

தம்பிக்கு வாய் அடைத்துவிட்டது.

இங்கேதான் எல்லோரும் தின்னரை எடுப்பார்கள். எடுக்கக் கூடாது. மேலே இருக்கிற எனாமலோடு கீழே இருக்கிற பழைய லேக்கர் பூச்சையும் அது தின்றுவிடும். உப்புத்தாளும் வேண்டாம், அதற்கு எந்தப் பூச்சு எது என்று தெரியாது. நான் பிளேடைத்தான் எடுத்தேன். பிளேடின் இரண்டு மூலையிலும் டேப் ஒட்டி, கிட்டத்தட்ட நேராக நிறுத்திப் பிடித்து, மெதுவாக இழுக்க வேண்டும். நல்ல பூச்சின் மேல் சரியாகத் தேய்க்காமல் அடித்த எனாமலுக்குப் பிடிப்பு இருக்காது. செதில் செதிலாக வந்தது. பழைய பெயிண்டில் ஈயம் இருக்கலாம். அதனால் முகமூடி, கீழே ஈர நியூஸ்பேப்பர், குழந்தைகள் அந்தப் பக்கமே வரக் கூடாது. இதை ஒரு தடவைக்கு இரண்டு தடவையாகச் சொல்கிறேன், பழைய பெயிண்ட்தூள் குழந்தை வாய்க்குப் போகக் கூடாது.

சுரண்டுகிற வேலையைத் தம்பியிடமே கொடுத்தேன். தினமும் சாயங்காலம் வருவான், உள்ளங்கை அளவு இடம் சுரண்டுவான், போவான். முன்பக்கம் முடிந்து பின்பக்கம் வந்தபோது, இடுப்பு பெல்ட்டின் பக்கிள் உரசி உரசி மரமே தெரிகிற ஒரு திட்டு இருந்தது. "இதுக்குப் பட்டி வெச்சிடலாமாணா?" என்று கேட்டான். வேண்டாம் என்றேன். அது உன் சித்தப்பா நின்று வாசித்த இடம், விடு என்றேன். அவனும் விட்டுவிட்டான்.

வேலை முடிந்த அன்றைக்கு சித்தப்பாவையும் அழைத்துக்கொண்டு வந்தான். நான் பெருமையாகக் கிட்டாரை எடுத்துக் காட்டினேன். அவர் திருப்பித் திருப்பிப் பார்த்தார். பிறகு சொன்னார்: "நான்தாங்க கறுப்பு அடிச்சேன். மேடையில மஞ்ச லைட்டு போட்டா கிட்டாரே தெரியல. இத்தினி கஷ்டப்பட்டு எடுத்துட்டீங்களே!"

என்ன சொல்வது? அவர் கிட்டார், அவர் அடித்த பெயிண்ட். ஆனாலும் நியாயம் என் பக்கம்தான் என்று இன்றும் நினைக்கிறேன். தம்பி அதே மஞ்சளோடுதான் மேடை ஏறினான்.

இதில் கவனிக்க வேண்டியது ஒன்று. புதுப் பெயிண்ட் அடித்திருந்தால் அந்தத் திருவிழாவுக்கு கிட்டார் போயிருக்கவே முடியாது. லேக்கர் தொட்டால் ஒட்டாத அளவுக்குக் காய ஒரு மணி நேரம் கூட ஆகாது. உள்ளே இறுக வாரக்கணக்கில் ஆகும். இன்னொன்று, வெளிநாட்டில் பழைய கிட்டார் தேடி வாங்குகிறவர்கள், மறுபடி பெயிண்ட் அடித்ததற்கு ஏறக்குறைய பாதி விலைதான் தருவார்கள். அதாவது காசு செலவு செய்து, கஷ்டப்பட்டு, பாதி விலைக்கு இறக்குகிறோம். ஈரத்துணி, பிறகு காய்ந்த துணி, பிறகு கார் பாலிஷ் கொஞ்சம். பல கிட்டாருக்கு இதுவே போதும்.

சரி, ஏற்கெனவே யாரோ மரம் தெரியச் சுரண்டிவிட்டார்கள், வேறு வழியே இல்லை என்றால்? அப்போது அடியுங்கள். அதற்கு நம் வட்டாரம் தோதான இடம். டிங்கரிங் கடையில் கார் பெயிண்டை டூக்கோ என்கிறோம் இல்லையா, அது 1920களில் அமெரிக்காவில் டூபாண்ட் கம்பெனி காருக்கு விட்ட நைட்ரோசெல்லுலோஸ் பெயிண்டின் பெயர். ஃபெண்டர் கம்பெனியும் கிட்டாருக்கு அந்தக் கார் பெயிண்டையே வாங்கி அடித்தது. தச்சர்கள் என்.சி. லேக்கர் என்பதும் அதே குடும்பம்தான். ஆம்பூர், வாணியம்பாடி, ராணிப்பேட்டையில் தோலுக்கு மேல்பூச்சாக அடிக்கிறதிலும் நைட்ரோசெல்லுலோஸ் உண்டு. நான் செருப்புத் தோலுக்குப் பிடித்த கன்னையேதான் கிட்டாருக்கும் பிடித்தேன்.

நம் ஊர் வெயிலை மட்டும் கணக்கில் வையுங்கள். கத்திரி வெயிலில் நாற்பது டிகிரியைத் தாண்டும்போது மத்தியானத்தில் அடித்தால், பெயிண்ட் பலகையைத் தொடுவதற்குள் காற்றிலேயே காய்ந்து பொடியாக விழும். தடவினால் சொரசொரப்பு. ஐப்பசி கார்த்திகை மழையில் அடித்தால் ஈரம் உள்ளே மாட்டி, பூச்சு பால் நிறமாக வெளுக்கும். மாசி, பங்குனிக் காலைதான் நல்ல நேரம். முதலில் மரத்துக்கண் அடைக்கிற ஃபில்லர், பிறகு சாண்டிங் சீலர், பிறகு நிறம், பிறகு லேக்கர். எல்லாம் மெல்லிசாக, பல கோட். கெட்டியாக ஒரே கோட் அடித்தால் வழியும், வழிந்தது காயவே காயாது. காய்ந்ததா என்று பார்க்க, தகட்டுக்கு அடியில் மறைகிற இடத்தில் நகத்தை அழுத்துங்கள். தடம் விழுந்தால் இன்னும் பொறுங்கள். அப்புறம்தான் தண்ணீர் தொட்டு வாட்டர் பேப்பர், ஆயிரம், ஆயிரத்து ஐந்நூறு, இரண்டாயிரம் நம்பர் என்று போக வேண்டும். விளிம்பில் கையை அழுத்தவே கூடாது, அங்கேதான் மரம் எட்டிப் பார்க்கும். இன்னொரு விஷயம், நைட்ரோசெல்லுலோஸ் தீப்பிடிக்கிற சாமான். அடுப்பு, பூஜை விளக்கு, சிகரெட் எதுவும் பக்கத்தில் கூடாது. முகத்தில் கட்டுகிற துணி தின்னர் ஆவியைத் தடுக்காது, கரி ஃபில்டர் வைத்த மாஸ்க் வாங்குங்கள்.

அடுத்தது கழுத்தும், அதன் மேல் குறுக்கே வரிசையாக இருக்கிற உலோக மெட்டுகளும். இதைப் பற்றி நிறையச் சொல்ல எழுதி வைத்திருந்தேன், கண்ணாடிக்கு அந்தப் பக்கத்திலிருந்து நாலு விரலைக் காட்டுகிறார்கள், நாலு நிமிடம்தானாம். சுருக்கிவிடுகிறேன். வீணையில் மெட்டை மெழுகில் பதிக்கிறார்கள், மெழுகை உருக்கினால் மாற்றிவிடலாம். கிட்டாரில் மரத்தைக் கீறி அடித்து இறக்கியிருப்பார்கள், அதனால் பிடுங்குவதைத் தொழில் தெரிந்தவருக்கு விட்டுவிடுங்கள். விரல் ஓடுகிற பலகை ஈட்டி மரமாக இருந்தால் தேங்காய் எண்ணெய் தடவாதீர்கள், சிக்குப்பிடித்து நாறும். மருந்துக் கடையில் லிக்விட் பாரஃபின் கேளுங்கள், ஒரு சொட்டு போதும். ஸ்டீல் உல் போட்டுத் தேய்க்காதீர்கள், அந்த இரும்புத் தூளைப் பிக்கப் காந்தம் இழுத்து வைத்துக்கொள்ளும். கம்பி ஆறும் சேர்ந்து கழுத்தைச் சுமார் 45 கிலோ விசையில் இழுக்கின்றன. கழுத்து வளையாமல் தாங்க உள்ளே ஒரு இரும்புக் கம்பி இருக்கிறது, அந்த டிரஸ் ராடைத் திருகினால் கால் சுற்றுக்கு மேல் ஒரே நேரத்தில் வேண்டாம்.

கரகரவுக்கு மருந்து காண்டாக்ட் கிளீனர். எலக்ட்ரானிக்ஸ் கடையில் அந்தப் பெயரைச் சொல்லியே கேட்டு வாங்குங்கள். உள்ளே அடித்து, குமிழை இந்தக் கோடிக்கும் அந்தக் கோடிக்கும் நன்றாகத் திருகுங்கள்.

இப்போது இரண்டு விரல். மிக முக்கியமானதைக் கடைசிக்கு வைத்துவிட்டேன், வேகமாகச் சொல்கிறேன். கிட்டாரின் கம்பிகள் எல்லாம் ஒரு ஒயர் வழியாக ஆம்ப்ளிஃபயரின் எர்த்தோடு சேர்ந்திருக்கும். பழைய ஆம்ப்ளிஃபயரில் இரண்டு பின் பிளக் இருந்தால் அதை மூன்று பின்னாக, உண்மையான எர்த்தோடு, எலக்ட்ரீஷியனை வைத்து மாற்றுங்கள். வால்வு ஆம்ப்ளிஃபயரைப் பிளக்கைப் பிடுங்கிய பிறகும் திறக்காதீர்கள், உள்ளே கண்டன்சரில் கரண்ட் தங்கியிருக்கும். திருவிழா மேடையில் மைக் ஒரு லைனிலும் கிட்டார் வேறொரு லைனிலும் இருக்கும். ஒரு கை கம்பியில், உதடு மைக்கில் என்றால் ஷாக் அடிக்கலாம். பாட நிற்பதற்கு முன்னால் டெஸ்டரைக் கம்பியிலும் வையுங்கள், மைக்கின் இரும்பிலும் வையுங்கள். எரிந்தால் தொடாதீர்கள், மேடைக்காரரைக் கூப்பிட்டு சரிசெய்யச் சொல்லுங்கள்.

நேரம் முடிந்துவிட்டது. வணக்கம்.